பின்னால் படுத்திருப்பவளுக்கு ஒரு ஜீப்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஜீப்பில் நான் ஒருநாளும் முன் சீட்டில் உட்கார்ந்ததில்லை. பதினொரு வருடமாக என் இடம் பின்பக்கம்தான். இரண்டு ஓரத்திலும் நீளமாக இரண்டு பலகை, நடுவில் ஸ்ட்ரெச்சர் வைக்கிற அளவுக்கு இடம், மேலே தார்ப்பாய், அதைத் தாங்க இரும்புக் கம்பிகள். நான் தோட்டத்து மருத்துவிச்சி. தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கிற லயத்தில் எல்லோரும் என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள்.

மலை உச்சியில் இருக்கிற மேல் டிவிஷனில் இருந்து கீழே தேயிலை பெக்டரி வரைக்கும் நாலு மைல். அந்த நாலு மைலுக்கும் ரோடு என்ற பெயர் இருக்கிறது, ரோடு இல்லை. வெள்ளைக்காரன் காலத்தில் பதித்த கல் தெரியும். அதற்கு மேலே போட்ட தார் மழையில் போய்விட்டது. அம்புலன்ஸுக்கு போன் பண்ணினால் பெக்டரி வாசல் வரைக்கும்தான் வரும். அதற்கு மேலே ஏறாது. அதனால் பிள்ளைத்தாச்சியோ, பாம்பு கடித்தவரோ, நெஞ்சு வலிக்காரரோ, யாராக இருந்தாலும் பெக்டரி வரைக்கும் எங்கள் ஜீப்தான் கொண்டுவர வேண்டும். பின்னால் நானும் கூடவே வர வேண்டும்.

போன வருடம் ஐப்பசி மழை முடிந்த கையோடு ஜீப்பின் ஷொக் அப்சோபர்கள் செத்துப்போயின. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு, நாலிலும் எண்ணெய் கசிந்து சேறு அப்பிக்கொண்டிருந்தது. ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஜீப் ஒருமுறை குதித்து நிற்காது. நாலைந்து தடவை ஆடிவிட்டுத்தான் நிற்கும். அது நிற்பதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும். டிரைவர் அண்ணன் இரண்டு தடவை ஓபிஸில் எழுதிக் கொடுத்தார். பார்க்கலாம் என்றார்கள்.

அந்த நேரத்தில்தான் எட்டு மாதக்காரி ஒருத்தியைக் கீழே கொண்டுபோக வேண்டி வந்தது. தலைப்பிள்ளை. பிரஷர் ஏறியிருந்தது, கால் வீங்கியிருந்தது. புருஷனும் கூட வந்தான். கோயில் இருக்கிற முடக்கில், வளைவைத் திரும்பும்போது, ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி எழும்பியது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன். அப்படியும் அவள் எகிறிப்போய் நெற்றியைக் கம்பியில் அடித்துக்கொண்டாள். புருவத்துக்கு மேலே பிளந்துவிட்டது. என்னிடம் இருந்த துணியை வைத்து அழுத்திக்கொண்டே பெக்டரிக்கு வந்து, அம்புலன்ஸில் மாற்றி, டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வார்டில் இருந்த இளம் டாக்டர் அவள் நெற்றியைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். மேலும் கீழும் பார்த்துவிட்டு, "யார் அடிச்சது?" என்று கேட்டார்.

அந்தப் பையன் கூசிப்போனான். அவன் தலை குனிந்தது. தலை குனிந்ததால் டாக்டருக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. "ஜீப்தாங்க அடிச்சிச்சு" என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் அழுதுகொண்டே, "இவரு என்னைய கை நீட்டினதே இல்லங்க" என்று சொன்ன பிறகுதான் தையல் போட்டார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தப் பையன் வெளியே மர வாங்கில் உட்கார்ந்திருந்த கோலம் என் கண்ணை விட்டுப் போகவே இல்லை. செய்யாத குற்றத்துக்கு அவன் கூனிப்போய் உட்கார்ந்திருந்தான். குற்றம் செய்தவர்கள் யாரும் அங்கே இல்லை.

மறுநாள் காலையில், ஆட்களை வேலைக்குப் பிரித்து அனுப்புகிற பெரட்டு கலைந்ததும் நேராக ஓபிஸுக்குப் போனேன். பெரிய கிளாக்கர் என் முகத்தைப் பார்த்ததுமே, "ஓடர் போட்டாச்சு மிஸ்ஸி. சின்னத்தொரையே தெரிவு செஞ்சு எடுக்குறாரு. அவருக்கு ஜீப்பப் பத்தி நல்லாத் தெரியும்" என்றார்.

சின்னத்துரை, தோட்டத்து உதவி மேனேஜர், நல்ல மனிதர்தான். வயது இருபத்தெட்டு இருக்கும். கண்டிப் பக்கத்துச் சிங்களவர், தமிழை எங்கள் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டார். சனி ஞாயிறில் சேற்றிலும் ஆற்றிலும் ஜீப் ஓட்டுகிற கூட்டத்தோடு போவார். அவருடைய சொந்த ஜீப் தரையில் இருந்து இடுப்பளவு உயரத்தில் நிற்கும். போனை எடுத்து எனக்குப் படம் காட்டினார். மஞ்சள் நிறத்தில், கை மொத்தத்தில், பார்க்க வடிவான நாலு ஷொக்.

"இது கேஸ் டைப் மிஸ்ஸி. ரொம்ப ஸ்ட்ரோங். இது போட்டா ஜீப்பும் கொஞ்சம் ஒசரும், அடியில கல்லு தட்டாது. ஆடவும் ஆடாது."

ஆடாது என்ற சொல்லை நான் நம்பினேன்.

அடுத்த கிழமை மாட்டினார்கள். டிரைவர் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். முடக்குகளில் ஜீப் சாயவில்லை, ஸ்டியரிங் கையில் நிற்கிறது என்றார். பின்னால் ஏறிப்போன எனக்கல்லவா தெரிந்தது! முன்பு பள்ளத்துக்குப் பள்ளம் குதித்தோம். இப்போது கல்லுக்குக் கல் சுத்தியலால் அடி வாங்கினோம். சின்னக் கல்லில் ஏறினாலும் அந்த அடி அப்படியே பலகை வழியாக முதுகெலும்பில் ஏறி, பல்லில் வந்து முடிந்தது. இன்னொன்று, முன்பே உயரமான ஜீப் இன்னும் நாலு விரல் உயர்ந்துவிட்டது. பிள்ளைத்தாச்சிகளுக்குக் காலைத் தூக்கி ஏற முடியவில்லை. ஒருத்தியை ஏற்ற, கவிழ்த்துப் போட்ட மரப்பெட்டியும் இரண்டு ஆளும் வேண்டியிருந்தது.

இரண்டு கிழமை, பதினாலு நாள், பார்த்தேன். வயிற்றில் ஓபரேஷன் முடிந்து வீட்டுக்குத் திரும்பிய ஒரு அக்கா, பாதி வழியில், "என்னைய எறக்கி விட்ருங்க மிஸ்ஸி, நான் நடந்தே வந்துக்கிறேன்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்கு அவளையும் இறக்கி, நானும் இறங்கி, ஒன்றரை மைல் ஏற்றத்தைப் பிடித்துப் பிடித்து நடந்தோம். ஜீப் வெறுமையாகப் பின்னால் வந்தது.

திரும்பவும் ஓபிஸ். "அத கழட்டுங்க" என்றேன்.

பெரிய கிளாக்கர் பேனையைக் கீழே வைத்தார். "இப்பத்தான புதுசு போட்டோம்? கடைக்காரன் திருப்பி எடுக்க மாட்டான். நீங்க புள்ளைகளப் பாருங்க மிஸ்ஸி. ஜீப்ப நாங்க பாத்துக்கிறோம்."

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தணிந்துவிடும். "ஐயா, அந்த ஜீப்புக்குள்ளதான் நான் புள்ளைகளப் பாக்குறேன்" என்றேன். உள்ளே சின்னத்துரை இருந்தார். அவர் வெளியே வந்து, தன்மையாகவே சொன்னார்: "மிஸ்ஸி, இது நல்ல சாமான். நானே இதே மாதிரிதான் பாவிக்கிறேன். மோசமான ரோட்டுல எல்லாம் ஓட்டிப் பாத்துட்டேன்."

"ஓட்டுனீங்க தொரை. எங்க உக்காந்து ஓட்டுனீங்க?"

"டிரைவிங் சீட்ல."

"படுத்துப் பாருங்க. மேல் டிவிஷன்ல இருந்து பெக்டரி வரைக்கும் ஸ்ட்ரெச்சர்ல படுத்து வாங்க. அதுக்குப் பொறகும் நல்லா இருக்குன்னு சொன்னீங்கன்னா நான் இதப் பத்தி வாயத் தொறக்க மாட்டேன்."

பெரிய கிளாக்கர் என்னை முறைத்தார். தோட்டத்தில் ஒரு துரையைப் பார்த்து யாரும் இப்படிப் பேசுவதில்லை. என் அம்மா இருபத்தெட்டு வருடம் கொழுந்து எடுத்தாள். துரை வருகிறார் என்றால் பாதையை விட்டு இறங்கி நிற்பாள். அவள் நின்ற மாதிரி நிற்க எனக்கு விருப்பமில்லை. சின்னத்துரை சிரித்தார். "சரி, வர்றேன்" என்றார். சேற்றில் ஓட்டுகிற ஆளுக்கு இது ஒரு விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

மறுநாள் பகல் அவரை மேல் டிவிஷனில் வைத்து ஏற்றினேன். பிள்ளைத்தாச்சிகளுக்குச் சொல்வதையே அவருக்கும் சொன்னேன்: "இடப்பக்கமாச் சரிஞ்சு படுங்க. கைய வயித்துல வச்சுக்குங்க. எதையும் புடிக்கக் கூடாது." ஆள் உயரம், பாதம் இரண்டும் ஸ்ட்ரெச்சருக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. பட்டியைக் கட்டினேன். டிரைவர் அண்ணனிடம், வழக்கமாகப் போகிற மாதிரியே போகச் சொன்னேன்.

முதல் அரை மைல் அவர் பேசிக்கொண்டு வந்தார். பிறகு பேச்சு நின்றது. பிறகு கம்பியைப் பிடிக்கக் கை நீட்டினார். நான் கையை எடுத்து வயிற்றில் வைத்தேன். "கொஞ்சம் மெதுவாப் போகச் சொல்லுங்க" என்றார். முன்னால் இருந்து டிரைவர் அண்ணன், "இதவிட மெதுவாப் போறதுன்னா எறங்கி நடக்கத்தான் வேணும் தொரை" என்றார். கோயில் முடக்கு வந்தபோது, "நிப்பாட்டுங்க, போதும்" என்றார் சின்னத்துரை.

"புள்ள வலி எடுத்தவ நிப்பாட்டச் சொன்னா நாங்க நிப்பாட்டுறதில்ல" என்றேன். ஜீப் நிற்கவில்லை.

பெக்டரிக்குப் பக்கத்துக் கொழுந்து மடுவத்தில், பறித்த கொழுந்தை நிறுவைக்குக் கொடுக்க நின்ற பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பட்டியை அவிழ்த்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். யாரோ சிரித்துவிட்டார்கள். அவர் காது சிவந்துவிட்டது. என்னைப் பார்த்து, "நீங்க என்னை ஆளுங்க முன்னால கேவலப்படுத்திட்டீங்க" என்று மெதுவாகச் சொன்னார்.

அது உண்மைதான். அவரைக் கேவலப்படுத்த வேண்டும் என்று நான் திட்டம் போடவில்லை; ஆனால் நிறுவை நேரம் அது என்பது எனக்குத் தெரியாமலும் இல்லை. மன்னிப்புக் கேட்கவா என்று ஒரு கணம் யோசித்தேன். ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்திருந்த அந்தப் பையனிடம் யார் மன்னிப்புக் கேட்டார்கள்? கேட்கவில்லை.

ஆனால் அவர் நேர்மையான ஆள். இரண்டு நாள் கழித்து ஓபிஸில் சொல்லிவிட்டார்: மஞ்சள் ஷொக்கை அவரே தன் சொந்த ஜீப்புக்கு எடுத்துக்கொள்வார், மிஸ்ஸியும் டிரைவரும் ஹட்டன் டவுனுக்குப் போய் வேறு தெரிவு செய்யட்டும். "அவங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே" என்றும் சேர்த்துச் சொன்னாராம். குத்தலாகத்தான் சொன்னார். குத்தலாகச் சொன்னாலும் அனுமதி அனுமதிதான்.

எனக்கு ஷொக்கைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதை ஒப்புக்கொள்வதில் வெட்கமும் இல்லை. தெரியாததைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். டிரைவர் அண்ணன் ஜீப்புக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டினார். பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங் பட்டைகள். அந்த ஸ்பிரிங் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் ஷொக். மேலே ஒரு கண், கீழே ஒரு கண், இரண்டிலும் ரப்பர் புஷ். ஜீப் தரையில் நிற்கும்போது இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு நீளம், ஜாக்கி போட்டுச் சக்கரச் சில்லு தொங்கும்போது எவ்வளவு நீளம், இரண்டையும் அளந்தேன். தாய்மாரின் வயிற்றை அளக்கிற டேப்தான், புதிது வந்ததால் ஒதுக்கி வைத்திருந்த பழையது. அளவுகளை பிள்ளைகளின் நிறை எழுதுகிற ஒரு பழைய அட்டையின் பின்னால் குறித்துக்கொண்டேன்.

ஹட்டனில் பார்ட்ஸ் கடைக்காரர் டிரைவர் அண்ணனைப் பார்த்துத்தான் பேசினார். நான் கேட்ட கேள்விக்கும் பதில் அவருக்குத்தான் போனது. மூன்றாவது தடவை டிரைவர் அண்ணனே, "அவங்ககிட்டச் சொல்லுங்க. அவங்கதான் வாங்க வந்தவங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் வெற்றிலை போட ஆரம்பித்தார்.

கடைக்காரர் முதலில் ஜப்பானில் இருந்து கழற்றி வந்த பழையதைக் காட்டினார். புதிய பெயிண்ட் அடித்திருந்தது. ஒன்றை நிமிர்த்திப் பிடித்து, தண்டைக் கையால் அழுத்திப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் எதிர்ப்பே இல்லாமல் கை தொப்பென்று இறங்கியது.

கடைக்காரருக்குச் சிரிப்பு வந்தது. "கையால அமுக்கிப் பாத்து ஷொக் வாங்க முடியாது மிஸ்."

"வயித்தக் கையால அமுக்கிப் பாத்துத்தான் புள்ளையோட தல எந்தப் பக்கம் இருக்குன்னு சொல்றேன்" என்றேன். "இதுல நடுவுல ஒண்ணுமே இல்ல. நீங்களே அமுக்கிப் பாருங்க."

அமுக்கினார். அதை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

அடுத்தது, திருகு வைத்தது. திருகைத் திருப்பினால் மெதுவாகவும் வைக்கலாம், கடினமாகவும் வைக்கலாம்; ஆட்களுக்கு ஒரு அளவு, அதே ஜீப்பில் ஏற்றுகிற உர மூட்டைக்கு ஒரு அளவு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு கணம் ஆசைப்பட்டுவிட்டேன். பிறகு யோசித்தேன். திடீரென்று ஆள் வந்து கூப்பிடும்போது, மழையில், ஜீப்புக்கு அடியில் படுத்து நாலு திருகையும் யார் திருப்புவது? ஒரு மழைக்காலச் சேறு போதும், அந்தத் திருகு இறுகிவிடும். அதுவும் உரத்துக்கான கடின அளவில்தான் இறுகும். எனக்குத் தெரியும், எங்கள் தோட்டத்தில் எது இறுகினாலும் அந்தப் பக்கம்தான் இறுகும்.

"இதே ஜீப்புல ஆளுங்க போற நீட்டு வண்டி ஒண்ணு இருக்குல்ல? அதுக்கு என்ன போடுவாங்க?" என்று கேட்டேன்.

அவர் கொஞ்சம் யோசித்தார். ஏணி வைத்து மேல் தட்டில் ஏறி, தூசி படிந்த நாலு பெட்டியை இறக்கினார். கறுப்பு நிறம். மெலிந்தது. அதை யாரும் கேட்டு வருவதில்லை என்றார். கேஸ் இல்லை, எண்ணெய் மட்டும். அழுத்தினேன், இலகுவாக இறங்கியது, அமுக்கிய இடத்திலேயே நின்றது. இழுத்தேன், இழுக்க இழுக்க மெதுவாக, பிடித்துப் பிடித்து வந்தது. நடுவில் எங்கும் தொப்பென்று விழவில்லை. டேப்பை வைத்து அளந்தேன். மூடியபோதும் விரித்தபோதும் என் அட்டையில் இருந்த அளவுக்குப் பொருந்தியது. நாலையும் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்த பிறகுதான் வேண்டும் என்று சொன்னேன்.

பக்கத்துக் கராஜில் மாட்டக் கொடுத்தோம். அங்கே இருந்த மெக்கானிக் பாஸ், நரைத்த மீசைக்காரர், ஷொக்கைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, யார் தெரிவு செய்தது என்று சிங்களத்தில் கேட்டார். டிரைவர் அண்ணன் என்னைக் காட்டினார். பாஸ் தலையாட்டினார். ஒரு கல் வந்து சில்லை வேகமாக மேலே தள்ளும்போது இது வழிவிடும், திரும்பி இறங்கும்போது பிடித்து மெதுவாக விடும், நோயாளிக்கு இதுதான் சரி என்று விளக்கினார். ஆனால் இது மட்டும் போதாது என்று சொல்லி, பின் ஸ்பிரிங்கைக் காட்டினார். உர மூட்டை ஏற்றுவதற்காக யாரோ இரண்டு பக்கமும் ஒரு பட்டை கூடுதலாகச் சேர்த்திருக்கிறார்கள். அது இருக்கும் வரைக்கும் எந்த ஷொக் போட்டாலும் அடிக்கத்தான் செய்யும்.

"அப்ப கழட்டுங்க" என்றேன்.

டிரைவர் அண்ணன் தயங்கினார். "கழட்டுனா உரம் ஏத்த ஏலாது மிஸ்ஸி. ஓபிஸ்ல ஒரு வார்த்த கேட்டுருவமா?"

"கேட்டா வேணாம்னு சொல்லுவாங்க."

"அதான் சொல்றேன்."

"அதான் நானும் கேக்கல."

"என்னைய ஏசுனா?"

"மிஸ்ஸி சொன்னிச்சுன்னு சொல்லுங்கண்ணே. நான் சொல்லலன்னு சொல்ல மாட்டேன்."

பட்டை இரண்டும் கழன்றன. அவற்றை ஜீப்பிலேயே கொண்டுவந்து ஸ்டோர் காவலரிடம் ஒப்படைத்துக் கையெழுத்தும் வாங்கினேன். களவெடுத்தேன் என்ற பேச்சு வரக்கூடாது.

அதற்கடுத்த நாள் சர்க்கரை வியாதி உள்ள ஒரு தாயைக் கீழே கொண்டுபோனோம். ஜீப் பழைய உயரத்துக்கு இறங்கியிருந்தது, அவள் தானாகவே ஏறினாள். வழியெல்லாம் மாமியாரைப் பற்றி முறைப்பாடு சொல்லிக்கொண்டு வந்தாள். வழியில் யாரும் பேசி வந்து நான் கேட்டு எவ்வளவோ நாள் ஆகிவிட்டது. பாதி தாண்டிய பிறகு பேச்சை நிறுத்தி, "கோயில் முடக்கு வந்திருச்சா மிஸ்ஸி?" என்று பயத்தோடு கேட்டாள்.

"அது போயிருச்சு" என்றேன்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஜீப் இப்போது முடக்குகளில் சாய்கிறது. கைக்குள் நிற்பதில்லை என்று டிரைவர் அண்ணன் இன்றைக்கும் முணுமுணுக்கிறார். பதினொரு வருடத்தில் வாந்தி எடுக்காத நான் அந்த ஆட்டத்தில் ஒருநாள் வாந்தி எடுத்தேன். சின்னத்துரை என்னைக் கண்டால் வணக்கம் சொல்கிறார், நின்று பேசுவதில்லை. உரத்தை இப்போது டிரக்டரில் கொண்டுபோகிறார்கள். டிரக்டர் முன்பும் சும்மாதான் நின்றது. யாரும் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த நெற்றித் தழும்புக்காரி ஆண் பிள்ளை பெற்றாள். தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு வந்தபோது அவளிடம் புதிய ஷொக் கதையைச் சொன்னேன். அவள் பெரிதாகச் சந்தோஷப்படவில்லை. "ரோட்டப் போட்டா இதெல்லாம் எதுக்கு மிஸ்ஸி?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்னதுதான் சரி. நாலு மைல் ரோட்டைப் போடாமல் நாலு ஷொக்குக்குச் சண்டை பிடிக்க வைத்திருக்கிறார்கள் எங்களை. ரோட்டுக்கு எழுதத் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தாயையும் கீழே கொண்டுபோக எத்தனை நிமிடம் ஆனது என்று எழுதி, மாதாமாதம் ஓபிஸுக்கும் பிரதேச சபைக்கும் அனுப்புகிறேன். இதுவரைக்கும் பதில் இல்லை. பதில் வராததற்காக நிறுத்தப் போவதுமில்லை.

ஓபிஸில் இருந்து எனக்கு வந்தது வேறொரு கடிதம். அனுமதியில்லாமல் வாகனத்தின் பாகத்தை அகற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். தமிழில் அரைப் பக்கம் எழுதிக் கொடுத்தேன்: "ஜீப்பில் ஆட்களை ஏற்றுவதால் அகற்றினேன்." அது போதவில்லை. இனிமேல் வாகன விஷயங்களில் தலையிட மாட்டேன் என்று தட்டச்சு செய்த ஒரு தாளைப் பெரிய கிளாக்கர் கொடுத்தார், கீழே என் பெயருக்கு நேராகப் புள்ளிக்கோடு போட்டு.

"சும்மா ஒரு சம்பிரதாயத்துக்குத்தான் மிஸ்ஸி. போட்டுக் குடுத்துருங்க."

வாசித்துப் பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டு வந்தேன். அவர் ஒவ்வொரு மாதமும் கேட்கிறார். நானும் ஒவ்வொரு மாதமும், இன்னும் வாசித்து முடியவில்லை என்கிறேன். அதில் மொத்தம் ஆறு வரிதான்.